டிக்கெட் 80 டாலர். கட்டணம் 92 டாலர்!

ஜெர்மனி நாட்டில் மியூனிக் என்று ஒரு பெரிய நகரம். 1972-ம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மைதானம் அங்கே இருக்கிறது. மைதானத்தின் பக்கத்தில் ஒரு குன்று.

அது இயற்கையாக உண்டான குன்று அல்ல. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து வீடுகள் இடிந்தன அல்லவா? அந்தக் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து கொட்டிய மேடுதான் அது. இப்போது புல் முளைத்துப் பச்சைப்பசேல் என்று இருக்கிறது.

2024-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், அடுத்தடுத்து இரண்டு நாள் மாலையில், அந்தக் குன்று முழுவதும் மனிதத் தலைகள்! ஆயிரக்கணக்கான பேர் விரிப்பு விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

என்ன விசேஷம்?

கீழே மைதானத்தில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விப்டின் கச்சேரி. உள்ளே போக டிக்கெட் வேண்டும். குன்றின்மேல் உட்கார டிக்கெட் வேண்டாம்.

நம் ஊர்த் திருவிழாவில் கூட்டத்தில் இடம் கிடைக்காத பையன்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்பதில்லையா? அதேதான். ஒரு வித்தியாசம். நம் கோவில் வாசலில் டிக்கெட் கிடையாது. முந்தி வந்தவனுக்கு முன் இடம்.

பாட்டு என்பது எல்லாருக்கும் பொது. ஏழையின் காதும் காதுதான். அப்படியிருக்க, பெயர் பெற்ற பாடகர்களின் கச்சேரிக்குக் குடும்பத்தோடு போவது என்பது இன்று மேல்நாட்டில் நடுத்தரக் குடும்பங்களுக்கே எட்டாத காரியம் ஆகிவிட்டது. ஏன்? அந்தக் கதை பெரிது.

6 டாலர் கூட இல்லை

1965-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க் நகரத்து ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். 55 ஆயிரம் பேர் திரண்டார்கள். ரசிகைகள் போட்ட கூச்சலில், பாடியவர்களுக்கே தங்கள் பாட்டுக் கேட்கவில்லை!

அந்தக் கச்சேரிக்கு மிக உயர்ந்த டிக்கெட்டின் விலை 6 டாலருக்கும் குறைவு.

பிறகு எல்லாப் பொருள்களும் விலை ஏறின. டிக்கெட்டும் ஏறியது. அது நியாயம். ஆனால் ஏறிய வேகம் ஒன்று அல்ல. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஆலன் குரூகர் இதைக் கணக்குப் பார்த்தார். ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோது அவருக்குப் பொருளாதார ஆலோசனை சொன்னவர் இவர். 1981-ம் ஆண்டு முதல் 2012-ம் ஆண்டு வரை மற்றப் பொருள்களின் விலை 150 சதவீதம் ஏறியது. கச்சேரி டிக்கெட்டின் விலையோ ஏறக்குறைய 400 சதவீதம் ஏறியது.

எளிதாகச் சொன்னால், ஒரு ரூபாய்க்கு விற்ற அரிசி இரண்டரை ரூபாய் ஆயிற்று. ஒரு ரூபாய்க்கு விற்ற டிக்கெட் ஐந்து ரூபாய் ஆயிற்று.

இதற்குப் பாடகர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. முன்பு இசைத்தட்டு விற்றுப் பணம் வந்தது. இன்று செல்போனில் தட்டினால் பாட்டு வருகிறது. இசைத்தட்டு வாங்குவோர் குறைந்துபோனார்கள். ஆகவே ஊர் ஊராகப் போய்ப் பாடித்தான் சம்பாதிக்க வேண்டும். மேடை, விளக்கு, லாரிகள், நூற்றுக்கணக்கான வேலையாட்கள் என்று செலவும் பெரிது. இதில் உண்மை இருக்கிறது. உழைத்தவர்கள் கூலி கேட்கிறார்கள். கேட்கட்டும்.

விலையைச் சொல்லிவிட்டு வாங்குகிற வரையில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் நகரலாம். கோபம் வரவேண்டிய இடம் வேறு.

தராசில் போட்டதற்குக் காசு

சந்தையில் ஒரு கடைக்காரர், "கத்தரிக்காய் கிலோ 40 ரூபாய்" என்று கூவுகிறார். வீட்டு அம்மாள் ஒரு கிலோ கேட்கிறாள். காயை நிறுத்துப் பையில் போட்டபிறகு அவர் சொல்கிறார்: "காய்க்கு 40. தராசில் போட்டதற்கு 23. கடை போட்ட இடத்துக்கு 20. காசை வாங்கிப் பெட்டியில் போட்டதற்கு 3."

அந்த அம்மாள் சும்மா விடுவாளா? சந்தையே கூடிவிடும்!

இது வேடிக்கைக்காகச் சொன்ன கதை அல்ல. 2023-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் நடந்ததை ரூபாயில் மாற்றிச் சொன்னது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் தி கியூர் என்று ஓர் இசைக் குழு இருக்கிறது. அதன் தலைவர் ராபர்ட் ஸ்மித். கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், கலைந்த தலை. பார்த்தால் விளையாட்டுப் பிள்ளை மாதிரி இருப்பார். காரியத்தில் கெட்டிக்காரர். "எங்கள் ரசிகர்கள் பணக்காரர்கள் அல்ல" என்று எண்ணி, அமெரிக்காவில் நடத்தும் கச்சேரிகளுக்கு 20 டாலர் முதல் டிக்கெட் வைத்தார்.

ஒரு ரசிகர் நாலு டிக்கெட் எடுத்தார். நாலு இருபது எண்பது. எண்பது டாலர்தானே ஆகவேண்டும்?

பில் வந்தது. அதில் இருந்த கணக்கு இது:

சேவைக் கட்டணம், டிக்கெட் ஒன்றுக்கு 11 டாலர் 65 சென்ட். அரங்குக் கட்டணம், டிக்கெட் ஒன்றுக்கு 10 டாலர். எல்லாவற்றுக்கும் மேலே, பணம் வாங்கிப் பதிவு செய்ததற்கு 5 டாலர் 50 சென்ட்.

ஆக, டிக்கெட் 80 டாலர். கட்டணங்கள் 92 டாலர் 10 சென்ட். மொத்தம் 172 டாலர் 10 சென்ட்!

குழந்தையைவிடக் கொலுசு கனம்.

இந்தப் பில்லைப் பார்த்ததும் ராபர்ட் ஸ்மித்துக்கு ஆத்திரம் வந்தது. தமக்கு அருவருப்பாக இருக்கிறது என்று பகிரங்கமாக எழுதினார். டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் கம்பெனியிடம் நியாயம் கேட்டார். கம்பெனி இறங்கி வந்தது. மிகக் குறைந்த விலை டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 10 டாலரும், மற்றவர்களுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது.

ஒரு பாடகர் கோபப்பட்டதும் திருப்பிக் கொடுக்க முடிந்த பணத்தை, முதலில் ஏன் வாங்கினார்கள்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் இல்லை.

ஐந்தாவது ஆள் யார்?

அந்தப் பில் ஏதோ ஒரு விபரீதம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கப் பாராளுமன்றத்துக்காகக் கணக்குத் தணிக்கை செய்யும் அலுவலகம் ஒன்று உண்டு. அது 2018-ம் ஆண்டில் ஓர் அறிக்கை கொடுத்தது. டிக்கெட் விற்கும் கம்பெனிகள் டிக்கெட் விலைக்கு மேலே வாங்கும் கட்டணம் சராசரியாக 27 சதவீதம் என்று அது சொன்னது. ஒருவர் வாங்கிய டிக்கெட்டை மறுபடியும் விற்கும் இடங்களில் 31 சதவீதம்.

27 சதவீதம் என்றால் என்ன? அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். நாலு பேர். டிக்கெட் 50 டாலர். நாலு டிக்கெட்டுக்கு 200 டாலர். கட்டணம் 54 டாலர்.

54 டாலர் ஒரு டிக்கெட்டின் விலைக்கும் அதிகம்! வீட்டில் இருப்பது நாலு பேர். பணம் கொடுப்பது ஐந்து பேருக்கு. அந்த ஐந்தாவது ஆள் கச்சேரிக்கு வருவதில்லை. பாட்டும் கேட்பதில்லை.

ஒரு காலத்தில், டிக்கெட்டை வாங்கியவரே தம் வீட்டில், தம் காகிதத்தில், தம் மையில் அச்சிட்டுக்கொள்வதற்குக் கூட இரண்டரை டாலர் வாங்கினார்கள். இது போக "வசதிக் கட்டணம்" என்று வேறொன்றும் வாங்கினார்கள். யாருக்கு வசதி என்று மட்டும் சொல்லவில்லை.

பணம் எங்கே போகிறது?

டிக்கெட்மாஸ்டர் 1976-ம் ஆண்டு அரிசோனா மாநிலத்தில் தொடங்கியது. கம்ப்யூட்டர் மூலம் டிக்கெட் விற்பது அதன் தொழில். 1982-ல் பிரெட் ரோசன் என்ற வக்கீல் அதன் தலைவர் ஆனார். அவர் ஒரு தந்திரம் செய்தார்.

அதுவரை டிக்கெட் விற்றுத் தருவதற்காக அரங்குக்காரர்களிடம் பணம் கேட்பது வழக்கம். ரோசன் அதைத் தலைகீழாக மாற்றினார். "நீங்கள் எனக்குப் பணம் தரவேண்டாம். நான் உங்களுக்குத் தருகிறேன். டிக்கெட் வாங்க வருகிறவனிடம் கட்டணம் வசூலித்து, அதில் உங்களுக்கும் ஒரு பங்கு. ஆனால் உங்கள் அரங்கில் டிக்கெட் விற்கும் உரிமை எனக்கு மட்டும்தான்" என்பது ஏற்பாடு.

அரங்குக்காரருக்குக் கசக்குமா? கையெழுத்துப் போட்டார்கள். இன்றும் ஏற்பாடு ஏறக்குறைய அதுவே.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பில்லில் இருப்பது டிக்கெட் கம்பெனியின் பெயர். ஜனங்கள் திட்டுவதும் அந்தக் கம்பெனியைத்தான். ஆனால் கட்டணத்தில் பெரும் பகுதி அரங்குக்காரருக்குப் போகிறது என்று கம்பெனி சொல்கிறது. திட்டு ஓரிடத்துக்கு, துட்டு இன்னோர் இடத்துக்கு! வசவு வாங்குவதற்கும் கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

எதிர்த்து நின்றவர்கள்

1994-ம் ஆண்டு. அமெரிக்காவில் பேர்ல் ஜாம் என்ற இளைஞர் குழு புகழின் உச்சியில் இருந்தது. அவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். டிக்கெட் 18 டாலர். கட்டணம் 1 டாலர் 80 சென்டுக்கு மேல் கூடாது. மொத்தம் 20 டாலருக்குள் அடங்கவேண்டும்.

கம்பெனி ஒப்பவில்லை. குழுவினர் சர்க்காரின் நீதி இலாகாவிடம் புகார் கொடுத்தார்கள். ஜூன் 30-ந் தேதி குழுவில் இருவர் பாராளுமன்றக் கமிட்டி முன்னால் சாட்சி சொன்னார்கள். அந்த ஆண்டுக் கோடைகாலச் சுற்றுப்பயணத்தை ரத்து செய்தார்கள்.

மறு வருஷம், அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத இடங்களைத் தேடித் தேடிப் பாடப் பார்த்தார்கள். பெரிய அரங்குகள் எல்லாம் ஒப்பந்தத்துக்குள் இருந்தன. சுற்றுப்பயணம் தட்டுத்தடுமாறியது. 1995 ஜூலையில் நீதி இலாகா, நடவடிக்கை எதுவும் இல்லாமல் விசாரணையை முடித்துக்கொண்டது. 1998-ல் அந்த இளைஞர்கள் மறுபடியும் அதே கம்பெனியின் டிக்கெட்டோடு மேடை ஏறினார்கள்.

தோற்றார்கள். ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பு எது?

இங்கே ஃபியூகாசி என்ற குழுவையும் சொல்லவேண்டும். வாஷிங்டன் நகரத்துக்காரர்கள். பெரும்பாலும் 5 டாலருக்கே டிக்கெட் கொடுத்துப் பாடினார்கள். அவர்கள் பாடிய இடங்கள் பெரிய அரங்குகள் அல்ல; சர்ச் மண்டபம், சமூகக் கூடம் போன்றவை. குறைந்த விலைக்குப் பாட முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி. ஆனால் 50 ஆயிரம் பேர் கேட்க விரும்பும் பாடகர் சர்ச் மண்டபத்தில் பாட முடியுமா? அங்கேதான் முடிச்சு.

முடிச்சு இறுகியது

2010-ம் ஆண்டு, கச்சேரிகளை நடத்தும் லைவ் நேஷன் என்ற பெரிய கம்பெனியும் டிக்கெட்மாஸ்டரும் ஒன்றாகச் சேர்ந்தன. சர்க்கார் சில நிபந்தனைகள் போட்டுச் சம்மதித்தது.

மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தரகரும் ஒரே ஆளாகிவிட்டால் கல்யாணத்தில் பேரம் ஏது? கச்சேரி நடத்துவது அவர்கள். டிக்கெட் விற்பது அவர்கள். பல அரங்குகள் அவர்கள் கையில். பாடகர்கள் பலருக்கு நிர்வாகிகளும் அவர்களே.

2022-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, டெய்லர் ஸ்விப்டின் கச்சேரிக்கு முன்பதிவு தொடங்கியது. முன்பதிவில் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்தவர்கள் 35 லட்சம் பேர். கம்ப்யூட்டர் திணறியது. பள்ளிக்கூடப் பெண்களும் அவர்கள் தாய்மார்களும் மணிக்கணக்கில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் கைக்கு வரும் நேரத்தில் திரை நின்றுபோனது! மூன்று நாள் கழித்து நடக்கவேண்டிய பொது விற்பனையே ரத்து ஆயிற்று.

பேர்ல் ஜாம் 1994-ல் கத்தியது யார் காதிலும் விழவில்லை. பெண் குழந்தைகள் அழுதது விழுந்தது. 2023 ஜனவரி 24-ந் தேதி அமெரிக்க செனட் சபைக் கமிட்டி கம்பெனி அதிகாரியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. 2024 மே 23-ந் தேதி நீதி இலாகாவும் பல மாநிலங்களும் சேர்ந்து கோர்ட்டில் வழக்குப் போட்டன. பெரிய அரங்குகளின் டிக்கெட் விற்பனையில் ஏறக்குறைய 80 சதவீதம் ஒரே கம்பெனியிடம் இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. தாங்கள் ஏகபோகம் அல்ல என்று கம்பெனி மறுத்தது.

பிளாக்கில் டிக்கெட்

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. புதுப்படம் வெளியான அன்று தியேட்டர் வாசலில், "பால்கனி இருக்கு, பால்கனி" என்று காதோடு சொல்லிக்கொண்டு போவாரே, அவருடைய சொந்தக்காரர்கள்.

வாசலில் நின்றவர் பத்து டிக்கெட் வாங்கினார். இன்றைய ஆசாமி கம்ப்யூட்டரை ஏவிவிட்டு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார். இதைத் தடுக்க அமெரிக்காவில் 2016-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி முதல் நடவடிக்கை எடுத்தது 2021-ல்! ஐந்தாம் வருஷம்தான் பூனைக்கு மணி கட்டினார்கள்.

நம் நாட்டுக்கும் இந்தக் காற்று வீசிவிட்டது. கோல்ட்ப்ளே என்ற இங்கிலாந்துக் குழு 2025 ஜனவரியில் நவி மும்பையில் பாடியது. அதற்கான டிக்கெட் விற்பனை 2024 செப்டம்பர் 22-ந் தேதி நடந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் முட்டி மோதினார்கள். மிகக் குறைந்த டிக்கெட்டே 2,500 ரூபாய். சிறிது நேரத்தில் அந்த டிக்கெட்டுகள் வேறு இடங்களில் பல மடங்கு விலைக்கு வந்தன. சிலர் லட்ச ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். போலீஸ் விசாரணை நடந்தது.

கம்பெனிகள் இதிலும் ஒரு வழி கண்டுபிடித்தன. "பிளாக்கில் விற்பவன் சம்பாதிப்பதை நாமே சம்பாதித்தால் என்ன?" என்று நினைத்தார்கள். கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றும் முறை வந்தது. 2024 ஆகஸ்டு 31-ந் தேதி இங்கிலாந்தில் ஓயாசிஸ் குழுவின் கச்சேரிக்கு டிக்கெட் விற்றார்கள். மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்தபோது, சுமார் 150 பவுன் டிக்கெட் 355 பவுன் ஆகியிருந்தது!

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதே அரிசி விலை ஏறினால் எப்படி இருக்கும்? காத்திருந்ததற்குத் தண்டனை என்றுதான் அதைச் சொல்லவேண்டும்.

என்ன செய்யலாம்?

அயர்லாந்து ஒரு சின்ன நாடு. 2021-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய கச்சேரி, பெரிய பந்தயம் எதற்கும், போட்ட விலைக்கு மேல் டிக்கெட்டை மறுபடி விற்கக்கூடாது. போக முடியாதவர் வாங்கிய விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். நல்ல சட்டம். மற்ற நாடுகளும் பார்த்து எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை.

கட்டணத்துக்கு மருந்து இன்னும் எளிது. பாடகரின் பங்கு, அரங்கின் பங்கு, டிக்கெட் விற்றவரின் பங்கு, எல்லாம் ஒரே விலைக்குள் இருக்கவேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததற்குத் தனிக் காசு கேட்பதில்லை. அவர் சம்பளம் டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவில் பாதி தூரம் வந்திருக்கிறார்கள். 2025 மே 12-ந் தேதி முதல் ஒரு விதி அமலுக்கு வந்தது. கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும். கடைசித் திரையில் பில்லை நீட்டக்கூடாது.

எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று அந்த விதி சொல்லவில்லை. 92 டாலரை வாங்கலாம். மறைத்து வாங்கக் கூடாது. முதலாளிகளுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை.

ஆனாலும் ஒரு லாபம் குடும்பத்தாருக்கு உண்டு. முன்பெல்லாம் தகப்பனார் 80 டாலர் என்று பார்த்துவிட்டு, "போகலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார். அவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். பிறகு 172 என்று பில் வரும். குதித்த பிள்ளைகளை எப்படி உட்காரவைப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவார். இப்போது 172 என்பது முதலிலேயே தெரிகிறது. பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவரும் மனைவியும் சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.